ஒட்டுப் போடுகிறவள்

காரைக்கால் பக்கம், கிளிஞ்சல்மேட்டில் பைபர் படகுகளைக் கரையேற்றிச் சாய்த்து வைத்திருக்கும் இடத்தைத் தாண்டினால் தகரக் கூரை போட்ட ஒரு நீளமான பட்டறை வரும். அருகில் போவதற்கு முன்பே, பைபரை ஒட்டுகிற ரெசின் பசையின் நெடி மூக்கில் ஏறும். அதுதான் பெரியநாயகி அக்காவின் பட்டறை. வாசலுக்கு மேலே ஒரு ட்ரோன் இறக்கை தொங்குகிறது. ஒடிந்து, ஒட்டுப் போட்ட இறக்கை. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது என்னங்க?" என்று கேட்பார்கள். அக்கா ஒரே பதிலைத்தான் சொல்வாள். அந்தப் பதில் புரிய வேண்டுமென்றால் அக்காவைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும்.

பொறுமையின் சிகரம், தன்னடக்கத்தின் திருவுருவம் என்றெல்லாம் எழுதினால் பட்டறையே சிரிக்கும். கோபம் வந்தால் அக்கா கையில் இருக்கும் பிரஷ் பறக்கும். பழியை மறக்கிற பழக்கமும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் தன் மேல் மையைக் கொட்டிய ஒருத்தி இன்றைக்குக் கடைத்தெருவில் எதிரே வந்தாலும், அக்கா அந்தப் பக்கத்துக் கடைக்கு மாறிவிடுவாள். எனக்கும் கொஞ்சம் அந்தக் குணம் உண்டு. எங்களுக்குள் ஒத்துப்போனதே அதனால்தான். என் பெயர் சந்திரலேகா. அக்கா செய்கிறதைப் பறக்கவிட்டுக் காட்டுவது என் வேலை.

அக்காவும் என்னைப் போல கோட்டுச்சேரிதான். மறைந்த அப்பா திருஞானசம்பந்தம் நெல் சாகுபடிக்காரர். அக்கா மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுக்க பைபர் படகுகளாகிவிட்டன. படகு வந்தால் ஓட்டையும் வரும். அதை அடைக்கக் கற்றுக்கொண்டு, கடற்கரையில் பட்டறை போட்டாள். "நெல்லு வெளைய வைக்கிற குடும்பத்துப் பொண்ணுக்கு மீன் நாத்தத்துல என்னடி வேலை?" என்று சொந்தக்காரர்கள் பேசாத பேச்சில்லை. அவள் வீட்டுக்காரர் ராஜ்மோகன் அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிறார், அதிகம் பேசாதவர். அவர் மட்டும், "உனக்குப் பிடிச்சா செய்" என்றார். கருக்களாச்சேரிப் படகுக்காரர்கள் கூடத் தேடி வருகிற அளவுக்கு அக்கா வளர்ந்தாள். வயலுக்கு மருந்தடிக்கும் ட்ரோன் வந்ததும் அதற்கு உடம்பு செய்தாள். அங்கிருந்து ஒரு தாவல் தாவினாள். ராணுவத்துக்கு!

இப்போதெல்லாம் ராணுவத்துக்கு மலிவான ட்ரோன்கள் மலைமலையாக வேண்டியிருக்கிறது. போனால் திரும்பி வராத வகை. திரும்பி வராத ஒன்றுக்கு யாராவது தங்கத்தில் இறக்கை செய்வார்களா? விலை குறைவாக இருக்க வேண்டும், ஆயிரம் செய்தாலும் ஆயிரமும் ஒன்று போல இருக்க வேண்டும். அங்கேதான் பைபர் வேலை தெரிந்தவர்களுக்கு மவுசு. இறக்கை ஒன்றைச் செய்வது பெரிதில்லை. அதை வார்த்தெடுக்கிற அச்சுதான் உயிர். அச்சு ஒன்று சரியாக அமைந்தால் இட்லி வார்ப்பது போல வார்த்துக்கொண்டே போகலாம்.

அக்கா முதல் அச்சைத் தேய்த்துத் தேய்த்துச் செய்தாள். முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. ஒரே ஒரு குறை. வார்த்தது ஒட்டாமலிருக்க மெழுகு பூசும்போது எங்கோ ஒரு பொட்டு விட்டுப்போய், அங்கே அச்சு துளி பெயர்ந்து, வார்த்த ஒவ்வொரு இறக்கையின் அடியிலும் மிளகளவு ஒரு புடைப்பு விழுந்தது. "மச்சம்" என்று அதற்குப் பெயர் வைத்தாள். இறக்கை உடம்போடு சேரும் இடம் பக்கவாட்டுக் காற்றில் நடுங்குகிறது என்பதும் அவளுக்குத் தெரியும். அடுத்த அச்சில் திருத்திக்கொள்ளலாம் என்று வைத்திருந்தாள்.

அடுத்த அச்சுக்கு முன்னால் தம்பி வந்தான்.

ஹரிஹரன் அக்காவின் ஒரே தம்பி. இன்ஜினியரிங் படித்தவன். வாய்ச் சாமர்த்தியம் உள்ளவன். அதிகாரிகளைப் பார்ப்பது, பேசுவது எல்லாம் அவன் பொறுப்பு. அம்மா காசியம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து தஞ்சாவூரில் ஆபரேஷன் நடந்தது. அக்கா ஆஸ்பத்திரியிலேயே கிடந்தாள். "நீ அம்மாவப் பாத்துக்க, நான் பட்டறையப் பாத்துக்கறேன்" என்றான் தம்பி. பார்த்துக்கொண்டான்! அம்மாவைக் கூட்டிக்கொண்டு அக்கா திரும்பி வந்தபோது, அச்சு இருந்த மேடை வெறுமையாக இருந்தது. அச்சை மினி லாரியில் ஏற்றி ஓசூர்ப் பக்கம் கொண்டுபோயிருந்தான். அங்கே முதல் போட ஆள் பிடித்துக் கம்பெனி தொடங்கி, சொந்த வடிவமைப்பு என்று ராணுவத்துக்குக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டான்.

இதைக்கூட அக்கா பொறுத்திருப்பாளோ என்னவோ. அவனுக்கு முதல் சின்ன ஆர்டர் கிடைத்ததும் காரைக்காலில் ஒரு பாராட்டு விழா வைத்தார்கள். போய்த்தான் ஆக வேண்டும் என்று அம்மா அழுதாள். அக்கா போனாள், நானும் கூடப் போனேன். மேடையில் யாரோ, "உங்க அக்காவும் இந்தத் துறைதானே?" என்று கேட்டார்கள். அவன் சிரித்தான்.

"எங்க அக்காவா? அவங்க படகுக்கு ஒட்டுப் போடுறவங்க. பாவம், அவங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்றான்.

மண்டபமே சிரித்தது. அக்கா அசையவில்லை. அவள் கையை நான் பிடித்திருந்தேன், பனிக்கட்டி மாதிரி இருந்தது. விழா முடிந்து எல்லாரும் சாப்பிடப் போனபோது அவள் எழுந்து நேரே பட்டறைக்கு வந்தாள். "புது அச்சுக்கு மரம் வாங்கணும்டி" என்றாள். அவ்வளவுதான். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த வருடப் பொங்கலும் வந்தது. எங்கள் பக்கம் கல்யாணமான பெண்ணுக்குப் பொங்கல் சீர் உண்டு. அப்பா இருக்கிறவரை அப்பா கொண்டுவருவார், அப்பாவுக்குப் பிறகு தம்பி. கரும்புக் கட்டு, பித்தளைத் தாம்பாளத்தில் மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம், ஒரு புடவை. ஹரிஹரன் வருடா வருடம் கரும்பை வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தவன்தான். அந்த வருடம் கூரியரில் ஒரு அட்டைப்பெட்டி வந்தது. மேலே அவன் கம்பெனி சின்னம், உள்ளே பாதாம், முந்திரி. அக்கா பருப்பையெல்லாம் வேலைக்காரப் பெண்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, பெட்டியில் ரெசினை இறுக வைக்கிற ஹார்ட்னர் பாட்டில்களை அடுக்கினாள்.

"சீருன்னா ஆளு கொண்டாந்து கையில குடுக்கணும். கூரியர்ல வந்தா அதுக்குப் பேரு பார்சல்" என்றாள்.

புது அச்சு தயாரானது. இறக்கையின் அடிப்பகுதியைப் படகின் முகப்பைப் போல அலை அறைந்தாலும் தாங்குகிற மாதிரி கட்டியிருந்தாள். மச்சம் இல்லை, நடுக்கம் இல்லை. தம்பி திருடிக்கொண்டு போனது அரைவேக்காடு என்பது அவனுக்குத் தெரியாது. அக்காவும் சொல்லவில்லை, ஏன் சொல்ல வேண்டும்?

பிறகுதான் அந்தப் பெரிய டெண்டர் வந்தது. கிடைத்தால் பட்டறை எழும், கிடைக்காவிட்டால் படகு ஓட்டையை அடைத்துக்கொண்டே காலத்தைத் தள்ள வேண்டியதுதான். பலர் போட்டியிட்டு, கடைசிச் சுற்றில் இரண்டே கம்பெனிகள் நின்றன. ஒன்று எங்களுடையது, இன்னொன்று ஹரிஹரனுடையது. "அவன் ஜெயிச்சா எனக்கு ஆர்டர் போறது பெரிசில்லடி. என் அச்சே என்னை ஜெயிச்சதா ஆயிடும்" என்றாள் அக்கா. இனி பறக்கவிட்டுக் காட்ட வேண்டியது ஒன்றுதான் பாக்கி.

வேதாரண்யத்துக்கு அப்பால் கடலோரப் பொட்டல்வெளியில் ஏற்பாடு செய்திருந்தார்கள். பங்குனி மாதம், திங்கட்கிழமை. விடிந்ததும் போய்விட்டோம். பந்தலுக்கு அடியில் நான்கு அதிகாரிகள். தங்களுக்குள் ஹிந்தியும் எங்களோடு இங்கிலீஷும் பேசினார்கள். ஹரிஹரன் தூரத்தில் தன் ட்ரோனுக்குத் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டிக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் அதிகாரிகளில் கண்ணாடி போட்ட ஒருவர், மோர் கொண்டுவந்த ஆளிடம், "உப்பு போடாம ஒரு டம்ளர் தாரும்வே" என்று சுத்தமான திருநெல்வேலித் தமிழில் கேட்டார். அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள்.

சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். ஹரிஹரனுக்குக் காலை ஏழரை, எங்களுக்கு உச்சிவேளை. திங்கட்கிழமை ஏழரை என்றால் என்னவென்று எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். முழு ராகு காலம். ஹரிஹரன் முகம் செத்துப்போனது. ஒவ்வொரு டெண்டருக்கும் திருநள்ளாறு போய் நளன் குளத்தில் முங்கி எழுந்து பழைய துணியை விட்டுவிட்டு வருகிறவன். அவன் விட்ட சட்டைகளை வைத்து ஒரு ஜவுளிக்கடை திறக்கலாம்.

இரண்டு பேரும் சம்மதித்தால் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம் என்றார் ஒரு அதிகாரி. ஹரிஹரன் அக்காவிடம் வந்தான். அந்த மேடைக்குப் பிறகு முகத்தைப் பார்த்துப் பேசுவது அதுதான் முதல் தடவை.

"அக்கா... நல்லா இருக்கியா?"

"சொல்லு."

"ஒண்ணுமில்ல, காலையில ராகு காலமாப் போச்சு. நீதான் இதெல்லாம் பாக்க மாட்டியே. மாத்திக்கலாமா?"

அக்கா கடலைப் பார்த்தாள். எண்ணெய் ஊற்றி வைத்தது போலக் கிடந்தது கடல். பங்குனி மாதத்துக் காலை அப்படித்தான் ஏமாற்றும். வெயில் ஏற ஏறக் கடல்காற்று கிளம்பும், உச்சிக்கு ஆளைத் தள்ளும். கடற்கரையில் பட்டறை போட்டவளுக்கு அது தெரியும். வயலையும் ஓசூரையும் மட்டும் பார்த்தவனுக்கு ராகுதான் தெரியும். 'டேய், மத்தியானம் காத்து அடிக்கும்டா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்கு நாக்கு நுனியில் நின்றது, அக்காவைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

"தம்பி வாயத் தொறந்து கேட்டு இல்லன்னு சொல்ல முடியுமா?" என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். அவன் நன்றியோடு அவள் தோளைத் தொட்டான். எனக்கு உடம்பு சிலிர்த்தது. இப்படி ஒரு உதவியை என் எதிரிக்கு நானும் ஒருநாள் செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

ராகு காலத்தில் எங்கள் ட்ரோன் ஏறியது. சுமையைத் தூக்கிக்கொண்டு, கடல் மேல் வட்டமடித்து, குறித்த இடத்தில் போய் விழுந்தது. அதிகாரிகள் தலையை ஆட்டினார்கள்.

உச்சிக்குப் பந்தல் துணி படபடவென்று அடித்தது. ஹரிஹரனுடையது கிளம்பியது. நேராகப் போனவரை சரி. கடல் மேல் திரும்பி, காற்றுக்குப் பக்கத்தைக் காட்டியது. இறக்கை நடுங்கியது. பிறகு அடியோடு மடிந்து, தலைகுப்புற மணலில் குத்தியது. கொண்டுவந்திருந்த இரண்டாவதையும் அனுப்பினான், அதற்கும் அதே கதிதான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, மறைக்கவும் இல்லை. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"விழுந்தது என் இறக்கைடி" என்றாள்.

போட்டி விதி என்னவென்றால், அதே இடத்தில் பழுது பார்த்து, சாயங்காலத்துக்குள் இன்னொரு தடவை பறக்கவிடலாம். ஆனால் ஹரிஹரனின் ஆட்கள் திருகாணி முடுக்குகிறவர்கள். ரெசினைத் தொட்டதில்லை. அந்தப் பொட்டல்வெளியில் ரெசினும் பைபர் துணியும் இருந்தது ஒரே ஒரு பெட்டியில். அந்தப் பெட்டி மேல்தான் அக்கா உட்கார்ந்திருந்தாள். கம்பெனிக்கு முதல் போட்டவர் அவன் போனில் கத்துகிற சத்தம் எங்களுக்கே கேட்டது. கொஞ்ச நேரம் இப்படியும் அப்படியும் நடந்தான். பிறகு ஒடிந்த இறக்கைகளில் நல்லதாக ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு எங்களிடம் வந்தான்.

"அக்கா... ஒரு ஒட்டுப் போட்டுக் குடுக்கா."

இந்த வாக்கியத்துக்காகத்தான் அக்கா இவ்வளவு நாள் சாப்பிட்டாள், தூங்கினாள் என்று எனக்குத் தோன்றியது. அவள் அவசரப்படவில்லை. இறக்கையை வாங்கித் திருப்பி, அடிப்புறத்தைக் கட்டைவிரலால் தடவினாள். ஓரிடத்தில் விரல் நின்றது. அங்கே உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தது.

"மச்சத்தையும் தேச்சுட்டியாடா?"

அவன் தலை குனிந்தான்.

"சரி, போட்டுத் தர்றேன். ஆனா கூலி வேணும்."

"எவ்ளோ வேணாலும் கேளு."

"காசு யாருக்குடா வேணும்? இந்த அச்சு யாரு செஞ்சது, உன் கைக்கு எப்படி வந்ததுன்னு இங்கேயே சத்தமா சொல்லு. அதான் கூலி."

அவன் பந்தல் பக்கம் பார்த்தான். அதிகாரிகள் ஏதோ ஹிந்தியில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவன் முகத்தில் மெல்ல ஒரு தெளிவு வந்தது. தமிழில் சொன்னால் இவர்களுக்கு என்ன புரியப் போகிறது என்று கணக்குப் போடுகிறான் என்பது எனக்குப் புரிந்தது. அக்கா முன்னால் குனிந்ததாகவும் இருக்கும், வேலையும் நடக்கும்.

"இது எங்க அக்கா பெரியநாயகி செஞ்ச அச்சு" என்றான்.

"காத்து அடிக்குது, கேக்கல. மீதியையும் சேத்துச் சொல்லு."

"இது எங்க அக்கா பெரியநாயகி செஞ்ச அச்சு! அவங்க பட்டறையிலேருந்து நான் எடுத்துட்டு வந்தேன்! போதுமா?"

பந்தலில் சிரிப்பு நின்றது. கண்ணாடி போட்டவர் எழுந்து வந்தார்.

"தம்பி, ஒரு நிமிஷம். எடுத்துட்டு வந்தேன்னீங்களே... கேட்டு எடுத்தீங்களா, கேக்காம எடுத்தீங்களா?"

ஹரிஹரன் அவரைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். கிணற்றில் விழுந்தவன் மேலே நிற்பவர்களைப் பார்க்கிற பார்வை. 'சொந்த வடிவமைப்பு' என்று அவன் கையெழுத்துப் போட்ட தாளை மேஜையில் தேடி எடுத்தார்கள். எங்களிடம் பழைய அச்சின் படங்கள் இருக்கின்றனவா என்று கேட்டார்கள். அவன் தேய்த்திருந்த அதே இடத்தில் மச்சத்தோடு இருக்கிற முதல் இறக்கையையே நான் வண்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். எத்தனை நாளாக வண்டியில் வைத்திருந்தோம் என்று யாரும் கேட்கவில்லை.

பந்தலில் அது நடந்துகொண்டிருக்க, அக்கா மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஒடிந்த இடத்தைச் சுரண்டினாள். பைபர் துணியை வெட்டினாள், ரெசினைக் கலந்தாள், அடுக்கடுக்காக ஒட்டி உருளையால் காற்றை வெளியேற்றினாள். இனி அந்த இறக்கை பறக்கப்போவதில்லை என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். "எதுக்குக்கா இது?" என்று கேட்டேன். "கூலி வாங்கியாச்சுல்ல" என்றாள்.

ஒட்டு காய்ந்ததும் விரலால் தட்டிப் பார்த்தாள். கணீரென்றது. எடுத்துக்கொண்டுபோய், காரில் ஏறப்போன தம்பி முன்னால் நின்றாள்.

"இந்தாடா, ஒட்டுப் போட்டாச்சு. படகுக்குப் போடுறதவிட நல்லாவே போட்டிருக்கேன்."

அவன் கையை நீட்டவில்லை. "ராகு காலத்துலேருந்து தப்பிச்சேன்னு நெனச்சேன். மத்தியானம் காத்து வரும்னு நீ தெரிஞ்சேதான் மாத்திக் குடுத்திருக்க" என்றான். குரல் உடைந்திருந்தது.

"நீ கேட்ட, நான் குடுத்தேன். அச்சைத்தான் நீ கேக்காமலே எடுத்துட்டுப் போன."

கார் போய்விட்டது. அக்கா இறக்கையைத் தோளில் சாய்த்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

ஆர்டர் எங்களுக்கே வந்தது. பட்டறையை நீட்டிக் கட்டினோம். கிளிஞ்சல்மேட்டுப் பெண்களும் கருக்களாச்சேரிப் பெண்களும் இப்போது இறக்கை வார்க்கிறார்கள். ஹரிஹரன் கம்பெனியை மூடிவிட்டு வெளிமாநிலத்தில் எங்கேயோ வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்வி. காசியம்மா மகளோடு சரியாகப் பேசுவதில்லை. "கூடப் பொறந்தவன்டி. காத்து வரும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்பாள். "அவன் அச்சு வேணும்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? குடுத்திருப்பேனே" என்பாள் அக்கா. அது பொய்யில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள், அதுதான் எனக்கு இன்னமும் ஆத்திரம்.

இந்தப் பொங்கலுக்குக் கூரியர்கூட வரவில்லை. அக்கா கூடத்தில் பித்தளைத் தாம்பாளத்தைத் துலக்கி வைத்திருந்தாளாம். ராஜ்மோகன் அத்தான்தான் என்னிடம் சொன்னார். மத்தியானம் தெருவில் கடைசிக் கரும்பு வண்டியும் போன பிறகு தாம்பாளத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டாளாம்.

மறுநாள் பட்டறைக்கு வந்து, மூலையில் கிடந்த அந்த ஒட்டுப் போட்ட இறக்கையைத் துடைத்தாள். ஏணி போட்டு ஏறி, வாசலுக்கு மேலே அவளே மாட்டினாள். ஏணியை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போது ரெசின் இறக்க வந்த லாரிக்காரர்தான் முதலில் கேட்டார்.

"இது என்னங்க?"

"எங்க தம்பி குடுத்த சீரு" என்றாள் அக்கா.